கிணற்றிலும் கடற்குகையிலும் வாழும் குட்டி ஓட்டுடலிகள்: பூர்வீகம் கண்டறிய முழுமையான வழிகாட்டி

கொல்லங்கோடு, நீரோடி, பொழியூர், பூவாறு, விழிஞ்ஞம் என்று நீளும் தமிழக-கேரள எல்லைக் கரையில், கோடையில் கிணறு இறைக்கும்போது அடிச்சேற்றை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில், நிறமே இல்லாமல், கண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக, ஏதாவது ஒன்று பக்கவாட்டில் நெளிந்து ஓடக்கூடும். அது புழு அல்ல. இறால், நண்டின் சொந்தக்காரனான ஓட்டுடலி. அது கடலிலிருந்து வந்ததா, ஆற்றிலிருந்து இறங்கியதா, இந்தத் துணைக்கண்டம் தனியாகப் பிரிந்த நாளிலிருந்தே இங்கு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

முதுகலை விலங்கியல் மாணவர்களையும், உடன் வரும் பள்ளி ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது நுட்பத்தில் அல்ல, வரிசையில். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டால், அதைத் திருத்த மறுபடி அடுத்த கோடைக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

1. வலையைத் தொடும் முன் கருதுகோள்களை எழுதுங்கள்

நோட்டில் ஐந்து தலைப்புகள் போடுங்கள். ஒவ்வொன்றின் கீழும், "இது உண்மையானால் நான் எதைப் பார்க்க வேண்டும்?" என்று எழுதுங்கள்.

முதலாவது, கடல் பின்வாங்கியபோது தங்கிப்போனது. மூதாதை கரை மணலின் இடுக்குகளில் வாழ்ந்தது. கடல் விலகியபோது அது நிலத்தடி நீரோடு நின்றுவிட்டது. இது சரியென்றால் நெருங்கிய உறவினர் எதிர்க் கடலின் மணலில் இருக்க வேண்டும். இரண்டும் பிரிந்த காலம் கடல் பின்வாங்கிய ஒரு காலத்தோடு பொருந்த வேண்டும்.

இரண்டாவது, கடல் அசையாமலே தானாக உள்ளே ஊர்ந்தது. உறவினர் அப்போதும் கடலில்தான். ஆனால் பிரிந்த காலத்துக்கும் கடல்மட்ட மாற்றத்துக்கும் தொடர்பு தேவையில்லை.

மூன்றாவது, மேலிருந்து, அதாவது நெய்யாறு, குழித்துறைத் தாமிரபரணி போன்ற ஆறுகளிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும் கீழே இறங்கியது. உறவினர் நன்னீரில் இருக்க வேண்டும்.

நான்காவது, நிலம் பிரிந்தபோது கூடவே பிரிந்தது. மடகாஸ்கரிலிருந்து இந்தியா ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. ஆஸ்திரேலியா, அண்டார்டிகாவிலிருந்து அதற்கும் முன்பே. இந்த வழிக்கு நல்ல உதாரணம் ஆந்திரத்தின் பல்நாட்டுப் பகுதியிலுள்ள குத்திகொண்ட பிலம் குகையில் கிடைத்து, 2011-ல் பெயரிடப்பட்ட ஆந்த்ராக்காய்டஸ் ஷாபுத்தீன் என்னும் சமகாலி (ஐசோபாட் என்ற ஓட்டுடலி வகை). அதன் குடும்பத்தார் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் இருக்கிறார்கள். நன்னீரை விட்டு வெளியே வராத, கடலில் மிதக்கும் குஞ்சுப் பருவமே இல்லாத வம்சம் அது. இப்படிப்பட்ட உயிரிக்கு நிலம் பிரிந்த கதைதான் இயல்பாகப் பொருந்தும்.

ஐந்தாவது, ஆழ்கடலின் இருட்டிலிருந்து குகையின் இருட்டுக்கு வந்தது. கேனரித் தீவுகளில் லான்சரோட்டின் எரிமலைக் குழாய்க் குகையில் வாழும் குருட்டு நண்டுறவினன் முனிடாப்சிஸ் பாலிமார்ஃபாவின் பேரினத்தில் பெரும்பாலானவை ஆழ்கடல்வாசிகள் என்பதால் இந்தக் கருத்து எழுந்தது. நம் கிணற்று உயிரிகளுக்கு இது பொருந்த வாய்ப்பு குறைவு. ஆனாலும் எழுதி வையுங்கள்.

ஏன் முன்கூட்டியே எழுத வேண்டும்? டிஎன்ஏவை வைத்து வரைந்த மரபு மரம் கைக்கு வந்த பிறகு யோசித்தால், எந்த மரத்துக்கும் ஒரு கண்டப்பெயர்ச்சிக் கதையைப் பொருத்திவிடலாம். மாணவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் அது கேட்க அழகான கதை.

2. அனுமதியும் பொருள்களும்

கிணறு தனியார் சொத்து. வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். கடலோரக் குகை வனத்துறை, துறைமுகம் அல்லது கோயில் நிலத்தில் இருந்தால் அந்தந்த இடத்தில் எழுத்து அனுமதி வேண்டும். எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் மாநில பல்லுயிர் வாரியங்கள் வேறு வேறு. ஒன்றின் கடிதம் மற்றதற்குச் செல்லாது. ஆய்வில் வெளிநாட்டவர் பங்கிருந்தால் 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். இவற்றை மாதிரி எடுத்த பிறகு வாங்க முயன்றால், கையிலுள்ள மாதிரியே பயன்படாமல் போகும்.

பொருள்கள்: சுமார் 100 மைக்ரான் கண்ணுள்ள போல்டிங் துணியில் தைத்த கூம்பு வலை, அடியில் சிறு குப்பி, ஈயக்குண்டு, நைலான் கயிறு, வெள்ளைத் தட்டுகள், துளிவிடும் குழல்கள், 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால், ஐஸ் பெட்டி, மின்கடத்துதிறன் மானி, உப்புமானி.

உப்புமானியை இறால் பண்ணை வைத்திருப்பவர்களிடம் இரவல் வாங்கலாம். அது கடல்நீரைச் சரியாகக் காட்டும், மெல்லிய உவர்ப்பில் தடுமாறும். மின்கடத்துதிறனை அளக்கும் பேனா வடிவ டிடிஎஸ் மானி அதற்கு நேர்மாறு: நன்னீரில் நன்றாக இருக்கும், உப்பு ஏறியதும் அளவு கடந்து நின்றுவிடும். அதனால் இரண்டும் வேண்டும்.

சானிடைசர், ஸ்பிரிட் எதையும் எத்தனாலுக்குப் பதில் வைக்காதீர்கள். நீரும் கிளிசரினும் கலந்த திரவத்தில் டிஎன்ஏ சிதையும். ஃபார்மலின் அதைவிட மோசம். டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்து, பிறகு பிரிப்பதை மிகக் கடினமாக்கிவிடும்.

பென்சிலும் தடித்த தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போட வேண்டும். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய சீட்டு ஐஸ் பெட்டியில் நனைந்து உரிந்துவிடும்.

3. இடங்களைக் கோடாகத் தேர்ந்தெடுங்கள்

பஹாமாஸ், யுகடான் போல நீர் நிறைந்த சுண்ணாம்புக் குகைகள் இந்தக் கரையில் இல்லை. அதற்காக வருந்த வேண்டியதும் இல்லை. இந்த உயிரிகளுக்கு ஆள் நுழையும் குகை தேவையில்லை. மணல் துகள்களின் இடைவெளி, வெட்டுக்கல்லின் துளைகள், விழிஞ்ஞம் பாறைகளின் வெடிப்புகள் போதும். நிலத்தடியில் தொடர்ச்சியாக இருக்கும் அந்த உலகத்துக்கு நாம் வைத்திருக்கும் ஜன்னல் கிணறுதான். கேரளத்தின் வெட்டுக்கல் கிணறுகளிலிருந்து ஹோராக்ளானிஸ் என்ற குருட்டுக் கெளுத்தி இனங்கள் வெளிவந்ததும் இதனால்தான்.

கரையிலிருந்து உள்நாட்டை நோக்கி ஒரு கோடு போடுங்கள்: பொழியூர் கடற்கரை மணல், ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயை ஒட்டிய கிணறு, அதற்குப் பின்னால் வெட்டுக்கல் மேட்டிலுள்ள கிணறு, பாறசாலைப் பக்கத்துக் கிணறு. இதைப் போல இன்னொரு கோடு வர்க்கலையில். ஒரே ஒரு கோடு போட்டால், "கடலிலிருந்து ஒரு தடவை நுழைந்து உள்ளே பரவியது" என்பதையும் "ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக நுழைந்தது" என்பதையும் பிரித்தறிய வழியே இருக்காது. இரண்டு கோடுகள் வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம்.

வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடைசியாக எப்போது குளோரின் போட்டீர்கள்? கொசுப்புழுவுக்காகக் கப்பி மீன் விட்டிருக்கிறீர்களா? எப்போது தூர் வாருவீர்கள்? கொல்லங்கோட்டில் ஒரு பாட்டி மாணவனிடம் சொன்னதுபோல, "போன வாரந்தான் பிளீச்சிங் பவுடர் இட்டேன் மக்களே, இனி அதுல என்ன கிடக்கும்?" மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் தெருத் தெருவாகக் குளோரின் போட்டுப் போவார்கள். அந்தக் கிணற்றில் எதுவும் இல்லை என்று எழுதினால், அது நிலத்தடி நீரைப் பற்றிய தகவல் அல்ல, பிளீச்சிங் பவுடரைப் பற்றிய தகவல்.

தூர் வாரும் நாள் தெரிந்தால் அன்று போய் நில்லுங்கள். நீர் வற்ற வற்ற ஊற்றுக்கண்ணிலிருந்து புது நீர் வரும். உள்ளே வாழ்பவை அதோடு வரும்.

பெரும்பாலான வீடுகளில் "அப்போ இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?" என்று கேட்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். முதியவர்களுக்கு நரம்புச் சிலந்தி நோயின் நினைவு இருக்கலாம். அது குடிநீரிலிருந்த சைக்ளோப்ஸ் என்ற நுண்ணிய ஓட்டுடலி வழியாகப் பரவியது உண்மை. இந்தியா 2000-ல் அந்த நோய் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டதும் உண்மை. இந்த வெள்ளை உயிரிகளைப் பார்த்ததற்காகக் கிணற்றில் மருந்து கொட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கிணற்றுக்குள் இறங்காதீர்கள். அடியில் தேங்கும் கெட்ட காற்று நொடிகளில் மயக்கும். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து போவார். வலை மேலிருந்தே வேலை செய்யும். வர்க்கலைச் செங்குன்றின் அடியில் மழைக்காலத்தில் நிற்காதீர்கள், அது சரிந்துகொண்டே இருக்கும் மண். கடற்குகைக்கு ஓதம் இறங்கும்போது போய், ஏறத் தொடங்கும் முன் வெளியே வந்துவிடுங்கள்.

4. முதலில் நீரை அளங்கள், பிறகு வலை

இந்த வரிசை மாறுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வலை ஒருமுறை இறங்கி ஏறினால் நீரடுக்குகள் கலந்துவிடும். மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் இருந்த கிணறு, அதன்பின் ஒரே சீரான உவர்ப்பைக் காட்டும். அந்த அடுக்கைத்தான் நாம் தேடி வந்தோம்.

கல் கட்டிய பாட்டிலின் அடைப்பானுக்குத் தனிக் கயிறு கட்டுங்கள். வேண்டிய ஆழத்தில் அடைப்பானைச் சுண்டி இழுத்தால் அந்த ஆழத்து நீர் நிரம்பும். மேலிருந்து கீழாக, அரை மீட்டர் இடைவெளியில் எடுங்கள். கீழிருந்து மேலாக எடுத்தால் முதல் இழுப்பிலேயே அடுக்கு கலைந்துவிடும்.

உவர்நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று முன்பே ஊகிக்கலாம். நன்னீர் கடல்நீரைவிட இலேசானது என்பதால் அதன் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். 10 சென்டிமீட்டர்தான் நிற்கிறது என்றால் 4 மீட்டரில் உப்பு வந்துவிடும். ஆகவே உவரடுக்கு கரையை ஒட்டிய கிணறுகளில், அதுவும் நீர்மட்டம் இறங்கிய ஏப்ரல், மே மாதங்களில்தான் கண்ணில் படும். இரண்டு பருவமழையும் தொடும் இந்தப் பக்கத்தில் ஜூன் முதல் டிசம்பர் வரை எடுக்கும் அளவீடு ஏமாற்றும்.

கிணற்றுக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டா என்பதையும் அன்றே பாருங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள தூரத்தை, மோட்டார் போடாத நேரத்தில், மணிக்கு ஒருமுறை அளங்கள். ஓதத்தோடு சேர்ந்து, கொஞ்சம் பின்தங்கியாவது, மட்டம் ஏறி இறங்கினால் தொடர்பு உண்டு. மேலே திறந்த கடலோடு சேராமல், நிலத்தடி வழியாக மட்டும் கடலோடு தொடர்புள்ள நீர்நிலைகளுக்கு 1973-ல் ஹோல்தூயிஸ் என்ற டச்சு ஆய்வாளர் ஆன்கியலைன் என்று பெயர் வைத்தார். உங்கள் கிணறு அந்த வகைக்குள் வருமா என்பதை இந்த எளிய சோதனை சொல்லிவிடும்.

5. வலையும் பொறியும்

மேல்நீரை முதலில், தனியாக எடுங்கள். வெளிச்சம் படும் மேற்பரப்பில் சிவப்புக் கண்ணுள்ள சாதாரண சைக்ளோப்ஸ் இருக்கும். அது வாளி வழியாகவோ பறவைக் கால் வழியாகவோ வந்த விருந்தாளி. அதையும் அடியில் வாழ்பவற்றையும் ஒரே குப்பியில் போட்டால் பிறகு எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

அடுத்து வலையை அடிவரை இறக்கி, சில முறை தூக்கிப் போட்டுச் சேற்றைக் கிளப்பி, பிறகு நிதானமாக இழுங்கள். உயிரிகள் நீரில் மிதப்பதில்லை, அடிமண்ணில் ஒட்டியிருக்கும். கலக்காமல் இழுத்தால் வெறும் நீர்தான் வரும். பத்து முறையாவது இழுங்கள்.

வலையில் வராதவை பொறியில் வரும். சிறு பாட்டிலின் வாயைப் புனல்போல உள்நோக்கித் திருப்பி, ஒரு துண்டு இறால் போட்டு, இரவு முழுக்க அடியில் விடுங்கள். இருமுனைக்காலிகளும் (ஆம்ஃபிபாட்) சமகாலிகளும் குட்டி இறால்களும் மணம் பிடித்து வரும். சைக்ளோப்ஸ் போன்ற துடுப்புக்காலிகள் வராது, அவற்றுக்கு வலைதான்.

கடற்கரையில் கிணறு தேவையில்லை. அலை தொடும் கோட்டுக்கு மேலே நீர் ஊறும் வரை குழி தோண்டி, ஊறும் நீரை முகந்து வலையில் வடிகட்டுங்கள்.

ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்குப் போகும் முன் வலையைக் குளோரின் நீரில் முக்கி, அலசி, நன்றாக வெயிலில் காய வையுங்கள். முந்தைய கிணற்றின் முட்டை சுமக்கும் ஒரு பெண் உயிரி ஒட்டிக்கொண்டு வந்தால், இரண்டு கிணறுகளும் ஒரே குலம் என்று பொய்யான முடிவு கிடைக்கும். இல்லாத உயிரியைப் புதுக் கிணற்றில் குடியேற்றிய பாவமும் சேரும்.

எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். நிலத்தடி உயிரிகள் குறைவாகவே முட்டையிடும், மெல்ல வளரும். உருவத்துக்குச் சில, டிஎன்ஏவுக்குச் சில. மீதியைத் திருப்பி விடுங்கள்.

6. உயிரோடு பாருங்கள், பிறகு எத்தனால்

தட்டை நிழலில் வையுங்கள். நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். வெயிலில் வைத்த தட்டில் இந்த உயிரிகள் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

முதலில் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஒருக்களித்துப் படுத்தபடி வழுக்கி ஓடினால் இருமுனைக்காலி. தட்டையாக நடந்தால் சமகாலி. வெட்டி வெட்டி நீந்தினால் துடுப்புக்காலி. மெல்லிய நூல்போல நீண்ட உடலோடு துகள்களுக்கிடையே ஊர்ந்தால் பாதினெல்லா என்ற நிலத்தடி ஓட்டுடலி வகையாக இருக்கலாம்.

பெண் கிடைத்தால் அங்கேயே முட்டைகளை எண்ணுங்கள். இந்த ஒரு எண்ணிக்கை பின்னால் பெரிய வேலை செய்யும். இருமுனைக்காலியின் பெண்ணுக்கு மார்புக் கால்களின் அடியில் தகடுகள் சேர்ந்து ஒரு பை இருக்கும். கண்ணாடி போன்ற உடலின் வழியே, பைக்குள் நான்கைந்து பெரிய முட்டைகள் அசைவது தெரியும். இன்னும் உற்றுப் பார்த்தால், குஞ்சு தாயைப் போலவே கால்களோடு சுருண்டு கிடக்கும். கடலில் மிதக்கும் பருவம் அதற்கு இல்லை. இறாலில் நிறையச் சிறு முட்டைகள் என்றால் மிதக்கும் குஞ்சு, கொஞ்சம் பெரிய முட்டைகள் என்றால் அந்தப் பருவம் சுருங்கியது என்று பொருள். கடலைத் தாண்டி வந்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு முதல் சாட்சி இந்த முட்டைதான். எத்தனாலில் போட்டதும் முட்டைகள் உதிர்ந்துவிடும் என்பதால் இதை அப்போதே பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு பகுதியை அடர் எத்தனாலில் போட்டு ஐஸில் வையுங்கள். மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள், உடலிலிருந்து வெளிவந்த நீர் அதை நீர்க்கச் செய்திருக்கும். இன்னொரு பகுதியை 70 சதவீதத்தில் வையுங்கள். அடர் எத்தனாலில் கால்கள் விறைத்து ஒடிந்துவிடும். உருவ ஆய்வுக்கு வளையும் கால் வேண்டும்.

7. கடலிலும் ஆற்றிலும் உறவினரைத் தேடுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. கிணற்று உயிரி கிடைத்த மகிழ்ச்சியில் ஆய்வகத்துக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முழு வேலையின் நடுத்தூண்.

பூர்வீகம் என்பது ஒப்பீட்டுக் கேள்வி. கிணற்றுக்கு எதிரேயுள்ள கடற்கரையின் மணல்வாசியையும், பூவாற்றுப் பொழியின் (கழிமுகத்தின்) உவர்நீர்வாசியையும், நெய்யாற்றின் மேற்பகுதி நன்னீர்வாசியையும் நீங்கள் எடுக்கவில்லை என்றால், மரத்தில் அவை இருக்காது. இல்லாத உறவினரை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. அப்போது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ வரிசைப்படுத்திய ஓர் இனம்தான் "நெருங்கிய உறவினர்" என்று வந்து நிற்கும். உடனே ஒரு கண்டப்பெயர்ச்சிக் கட்டுரை பிறந்துவிடும்.

8. உருவத்தில் எதை நம்புவது, எதை நம்பக் கூடாது

கண் இல்லை, நிறம் இல்லை, உணர்கொம்பு நீளம்: இந்த மூன்றையும் உறவுக்கான சான்றாக எடுக்காதீர்கள். இருட்டில் வாழும் எந்த வம்சமும் தனித்தனியாக இந்த நிலைக்கு வரும். ஐரோப்பாவின் அசெல்லஸ் அக்வாட்டிகஸ் என்ற ஒரே சமகாலி இனத்திலேயே, வெவ்வேறு குகைக் கூட்டங்கள் தனித்தனியாகக் கண்ணையும் நிறத்தையும் இழந்திருக்கின்றன.

"பழமையான தோற்றம்" என்பதையும் நம்பாதீர்கள். 1979-ல் பஹாமாஸ் குகையில் கிடைத்து, 1981-ல் ஜில் யேகர் விவரித்த ரெமிபீடியாவுக்குப் பூரான் போல ஒரே மாதிரி கால்கள் வரிசையாக இருந்தன. அதனால் ஓட்டுடலிகளின் அடிவேரில் அதை வைத்தார்கள். பின்னர் மூளை அமைப்பும் மரபணுத் தொகுதிகளும் பார்த்தபோது, அது பூச்சிகளின் மிக நெருங்கிய உறவினர் வரிசைக்கு வந்து சேர்ந்தது.

நம்ப வேண்டியவை: வாயுறுப்புகளின் அமைப்பு, ஆணின் இனப்பெருக்கக் கால், குஞ்சுப் பை இருக்கும் இடம். குஞ்சுப் பை முதுகுப்புறம் ஓட்டின் அடியில் இருப்பது தெர்மோஸ்பீனேசியா என்ற குழுவின் அடையாளம். மார்பின் அடியில் பை சுமக்கும் இருமுனைக்காலி, சமகாலிகளோடு அதைக் குழப்ப முடியாது. இத்தகைய உறுப்புகளில் இருட்டின் அழுத்தம் குறைவு, அதனால் அவை வம்சத்தைக் காட்டும்.

கண் தேய்ந்து, ஒரு புள்ளி நிறம் மட்டும் மிஞ்சியிருந்து, அதுவும் ஆளுக்கு ஆள் மாறினால் குறித்துக்கொள்ளுங்கள். நுழைந்து அதிக காலம் ஆகவில்லை என்பதற்கோ, வெளியாரோடு இன்னும் கலப்பு உண்டு என்பதற்கோ அது அடையாளமாக இருக்கலாம். டிஎன்ஏவில் இதைச் சோதிக்க முடியும்.

9. டிஎன்ஏ

முழு உயிரியையும் நசுக்காதீர்கள். புரோட்டீனேஸ்-கே கரைசலில் இரவு முழுக்க ஊறவிட்டால் சதை கரைந்து டிஎன்ஏ வெளிவரும், ஓடு அப்படியே மிஞ்சும். அந்த ஓட்டை எடுத்துப் பாதுகாத்தால், பின்னால் "இது எந்த உயிரி?" என்று கேட்பவருக்குக் காட்டலாம்.

ஒரே மரபணுவோடு நிற்காதீர்கள். சிஓஐ என்ற தாய்வழி மரபணுவின் 658 எழுத்துத் துண்டு பக்கத்துக் கிணறுகளைப் பிரிக்க உதவும். 16எஸ் என்ற இன்னொரு மரபணு கொஞ்சம் ஆழம் போகும். தொலைதூர உறவுக்கு 18எஸ், 28எஸ் மரபணுக்கள் வேண்டும். 1994-ன் ஃபோல்மர் தொடக்கிகள் (பிரைமர்கள்) ஓட்டுடலிகளில் பல நேரம் வேலை செய்யாது. மாற்றுத் தொடக்கிகளையும் சேர்த்து வாங்கி வையுங்கள்.

சிஓஐ வரிசை கிடைத்ததும் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். செல்லின் உட்கருவுக்குள் தங்கிவிட்ட பொய்ப் பிரதியென்றால் நடுவில் நிறுத்தக் குறி வரக்கூடும். ஆனால் மென்பொருளில் முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பொதுக் குறியீட்டில் டிஜிஏ என்றால் நிறுத்தம், இதில் அது டிரிப்டோஃபேன். இதைக் கவனிக்காமல் நல்ல வரிசைகளைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

10. மரத்தை வாசிப்பது

தரவுத்தளத் தேடலில் முதலில் வரும் பெயர் நெருங்கிய உறவினர் அல்ல. தரவுத்தளத்தில் இருப்பவற்றில் எழுத்து அதிகம் ஒத்தது, அவ்வளவுதான். மாஃப்ட்டில் வரிசைகளை அடுக்கி, ஐக்யூ-ட்ரீயில் மரம் போடுங்கள். இரண்டும் இலவச மென்பொருள்கள்.

பார்க்க வேண்டியது யார் யாருக்குள் அடங்குகிறார்கள் என்பது. கிணற்று உயிரிகள் கடல் உயிரிகளின் கிளைக்குள் ஒரு சிறு கிளையாக இருந்தால், திசை கடலிலிருந்து உள்ளே. நன்னீர்க் கிளைக்குள் இருந்தால் மேலிருந்து கீழே.

இப்போதுதான் அந்த இரண்டாவது கோடு கைகொடுக்கும். பொழியூர்க் கிணறும் பொழியூர் மணலும் ஒரு கிளை, வர்க்கலைக் கிணறும் வர்க்கலை மணலும் இன்னொரு கிளை என்றால், இரண்டு தனித்தனி நுழைவுகள். கிணறுகள் எல்லாம் முதலில் ஒன்றுசேர்ந்து, கடல் உயிரிகள் வெளியே நின்றால், ஒருமுறை நுழைந்து நிலத்தடியில் பரவியது. கடல் உறவினர் அழிந்துபோயிருந்தாலும் இதே தோற்றம் வரும் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

நீண்ட கிளைகள் இரண்டு பக்கத்தில் பக்கமாக வந்தால் சந்தேகப்படுங்கள். வேகமாக மாறிய வம்சங்கள், உறவே இல்லாவிட்டாலும், மரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். மற்றது இடம் மாறினால் அந்த உறவு பொய்யாக இருக்கலாம்.

11. காலக் கணக்கு

ஆல்ஃபியஸ் இறால்களில் பனாமா நிலப்பாலத்தை வைத்துக் கணித்த சிஓஐ வேகம் பத்து லட்சம் ஆண்டுக்கு 1.4 சதவீத வேறுபாடு. கணுக்காலிகளுக்குப் பரவலாகப் பயன்படும் இன்னொரு வேகம் 2.3 சதவீதம். 10 சதவீத வேறுபாடு இருந்தால் முதல் கணக்கில் ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டு, இரண்டாவதில் 43 லட்சம். இரண்டையும் எழுதுங்கள். ஒரே எண்ணை எழுதுபவர் தனக்குப் பிடித்ததை எழுதுகிறார்.

முதல் வேகத்தை 8.8 கோடி ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 123 சதவீதம் வருகிறது. நூற்றுக்கு மேல் வேறுபட முடியாது. அதாவது அதற்கு வெகு முன்பே சிஓஐ எழுத்துகள் மாறி மாறி நிறைவடைந்துவிடும். கண்டம் பிரிந்த காலத்துக்கு இந்த மரபணு கடிகாரமே அல்ல.

நிலவியல் நிகழ்வைக் கடிகாரத்துக்குச் சாவியாகக் கொடுத்துவிட்டு, பிறகு அதே நிகழ்வு நிரூபணமாயிற்று என்று எழுதாதீர்கள். இந்தியா பிரிந்த ஆண்டைச் சாவியாகக் கொடுத்தால் முடிவில் அந்த ஆண்டுதான் திரும்ப வரும். சோதிக்க விரும்பும் நிகழ்வைக் கணக்குக்கு வெளியே வையுங்கள்.

வீட்டின் வயதையும் குடியிருப்பவரின் வயதையும் குழப்பாதீர்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்றைய மட்டத்தை நெருங்கி ஆறேழாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆகவே பொழியூர்க் கிணறு கடலோரக் கிணறாக இருப்பதே புதிய செய்தி. அதற்குள் வாழும் வம்சம் பல லட்சம் ஆண்டு பழையதாக இருக்கலாம். கரை நகர நகர, மணல் இடுக்குகள் வழியே அதுவும் நகர்ந்திருக்கும்.

அட்லாண்டிக் நடுவில் உள்ள அசென்ஷன் தீவு இதற்குத் தெளிவான பாடம். கடலுக்கு மேல் தலைகாட்டி ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டே ஆன எரிமலைத் தீவு; எந்தக் கண்டத்திலும் ஒட்டியிருந்ததில்லை. அங்கே ப்ரொகாரிஸ் அசென்ஷியோனிஸ், டிஃப்ளாட்யா ரோஜர்சி என்று இரண்டு ஆன்கியலைன் இறால்கள் 1972-ல் விவரிக்கப்பட்டன. அவற்றின் மூதாதைகள் கடல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் குகை உயிரி என்றாலே கண்டப்பெயர்ச்சிதான் காரணம் என்ற நினைப்பை இந்தத் தீவு நிறுத்திவிடுகிறது. பை சுமக்கும் ஆந்த்ராக்காய்டஸும் மிதக்கும் குஞ்சுள்ள இறாலும் ஒரே விதியில் அடங்காது. ஆறாவது படியில் எண்ணிய முட்டைகளை இங்கே கொண்டுவந்து பொருத்துங்கள்.

12. முடிவை எழுதுவதும் மாதிரியை ஒப்படைப்பதும்

முதல் நாள் எழுதிய ஐந்து தலைப்புகளைத் திறந்து, எவை விழுந்தன, எந்தச் சான்றால் விழுந்தன என்று எழுதுங்கள். இரண்டு நின்றால் இரண்டையும் நிற்க விடுங்கள். முதலாவதும் இரண்டாவதும் பல நேரம் சேர்ந்தே நிற்கும், ஏனென்றால் இரண்டிலும் உறவினர் கடலில்தான். அவற்றைப் பிரிப்பது காலக் கணக்கு மட்டும், அதன் பிழை எல்லையோ அகலமானது.

புது இனம் என்று உறுதியானால், சட்டப்படி மாதிரியை அரசு அறிவித்த களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் மதிப்பாய்வகம் அத்தகைய ஒன்று. டிஎன்ஏ எடுத்த அதே ஓட்டின் எண்ணும் மரபுவரிசையின் எண்ணும் ஒரே வரியில் இருக்கட்டும். கிணற்றின் அமைவிடத்தைத் தோராயமாகக் குறித்து, வீட்டுக்காரர் பெயரை வெளியிடாமல் இருங்கள்.

முடிவு அச்சானதும் அந்த வீட்டுக்குப் போய், உயிரியின் பெரிய படம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை பிளீச்சிங் பவுடர் போடும் முன் அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள்.